சைப்ரஸ் போவதென்றால் வாயைத் திறக்காதீர்கள்

சைப்ரஸ் போய் வந்த நாளிலிருந்து, டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற டோஸ்ட்ருப்பில் எனக்கு ஒரு புதுப் பதவி கிடைத்திருக்கிறது. கோயிலில், கடையில், ரயில் மேடையில், எங்கே கண்டாலும் மறித்துக் கேட்கிறார்கள். "அக்கா, நாங்களும் போகலாமெண்டு இருக்கிறம். இடம் எப்பிடி? என்ன கொண்டுபோக வேணும்?" இவ்வளவு காலமும் என்னிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளிடம் முதுகுநோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது புத்திமதி, போவதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். கடவுளுக்கும் சொல்லாதீர்கள், ஐயர் கேட்டுவிடுவார். பயணப்பெட்டியை வாங்கும்போது பழைய பெட்டி உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள். விமானம் ஏறியபிறகு தொலைபேசியை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வேறு எந்தப் புத்திமதியைக் கேட்டும் பிரயோசனம் இல்லை.

இந்தப் பயணம் எங்கள் யோசனை இல்லை. மகள் தந்தது. என் கணவருக்கு வேலையிலிருந்து ஓய்வு வரப்போகிறது என்று தெரிந்ததும், இருவருக்கும் சைப்ரஸ் தீவில் ஒரு கிழமை என்று பதிவுசெய்துவிட்டு வந்து நின்றாள். அவள் டென்மார்க்கில் பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். நாங்கள் இருவரும் வாழ்க்கையில் ஒருநாளாவது விடுமுறை போனதில்லையே என்று அந்தப் பாஷையில் கண்கலங்கினாள். "ஏன், லண்டன் போகேல்லையோ, பாரிஸ் போகேல்லையோ, டொரோண்டோ போகேல்லையோ?" என்றேன். அதெல்லாம் கலியாணவீடு அம்மா, விடுமுறை இல்லை என்றாள். அது உண்மைதான். லண்டனில் நான் கண்டதெல்லாம் ஒரு மண்டபமும், யாரோ ஒருவருடைய வீட்டு மெத்தையும், அந்த வீட்டுக் குளியலறைக்கு முன்னால் நின்ற வரிசையும்தான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கலியாணம் முடித்த வருஷமே இவர் ரொட்டி, பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். எனக்குப் பகல் வேலை. இத்தனை வருஷமும் நாங்கள் இருவரும் சந்தித்தது வாசல் கால்மிதியில். அவர் சப்பாத்தைக் கழற்றுவார், நான் போடுவேன். "கறி பிரிஜ்ஜுக்குள்ள கிடக்கு." "வெளியில வழுக்குது, பார்த்துப் போம்." இதுதான் எங்கள் சம்சாரம். சனி ஞாயிறில் பிறந்தநாள், பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, கலியாணம் என்று ஏதாவது ஒரு மண்டபம். அங்கே போனால் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். வீட்டுக்கு வரும்போது காரில் நான் நித்திரை.

ஓய்வு என்றால் இனிமேல் பின்னேரங்களில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் விழித்துக்கொண்டு இருப்போம். எனக்குப் பயம் பிடித்தது. பொய் சொல்லவில்லை, பயம்தான். இந்த மனிசனோடு என்னத்தைக் கதைப்பது? என்னோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரி, புருஷன் ஓய்வெடுத்த வருஷமே அவனை விட்டுவிட்டாள். குடியா, அடியா, வேறு தொடர்பா என்று கேட்டேன். "இல்லை, அவன் எந்த நேரமும் வீட்டில் இருக்கிறான்" என்றாள். அன்றைக்குச் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து இவர் படுத்திருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் மகள் தந்ததை வாங்கினேன். ஒரு கிழமை. சொந்தம் இல்லை, மண்டபம் இல்லை. இவரும் நானும் மட்டும். கதைக்க ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அங்கே வைத்துத் தெரிந்துகொள்வோம் என்று நினைத்தேன்.

மகள் குறிப்புகள் அனுப்பினாள். வெயில் தணிந்த பிறகு செப்டெம்பர் கடைசியில் போவது நல்லது. அது சரி, ஒத்துக்கொள்கிறேன். பாஃபோஸ் துறைமுகத்தில் சூரியன் மறையும் நேரம் கைகோத்துக்கொண்டு நடக்க வேண்டும். இவர் கடைசியாக என் கையைப் பிடித்தது நான் பனியில் வழுக்கி விழுந்தபோது. காதல் தெய்வம் பிறந்தது என்று சொல்லுகிற ஒரு பாறை கடலுக்குள் நிற்கிறதாம், அதைச் சுற்றி நீந்தினால் காதல் நிலைக்குமாம். எனக்கு நீச்சல் தெரியாது. இவருக்குத் தெரியும், ஆனால் இவர் மட்டும் சுற்றி வந்தால் யாரோடு நிலைக்கும்? இருந்தாலும், அவள் வாங்கித் தந்த மெல்லிய பச்சைச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தேன். முழங்காலுக்குக் கீழே வருகிற சட்டைதான். ஆனாலும் டோஸ்ட்ருப்பில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

புறப்படுவதற்கு முதல் சனிக்கிழமை, பக்கத்து ஊரான இஷொயில் ஒரு பிறந்தநாள். அங்கேதான் இவர் வாயைத் திறந்தார். ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒருவர் கையில் வடையோடு ஓடிவந்தார். "அக்கா, சைப்ரஸோ போறியள்? என்ட மனிசியின்ட ஒன்றைவிட்ட தம்பி அங்கைதான்! ஹோட்டலில சமையல். குடும்பமா இருக்கினம். ஒரு சின்னச் சாமான் கொண்டுபோய்க் குடுப்பியளே?"

சின்னச் சாமான் என்று எங்கள் ஆட்கள் சொன்னால் நீங்கள் பெரிய பெட்டி வாங்குங்கள். அடுத்த நாளே வந்தது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பயத்தம்பணியாரம், ஒரு பட்டுச்சேலை, பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை. சைப்ரஸில் எதற்குக் குளிர்ச்சட்டை? கேட்கக்கூடாது. என் செருப்பு வெளியே வந்தது, துவாய் வெளியே வந்தது. இவருடைய ரைஸ் குக்கர் மட்டும் அசையவில்லை. "ஹோட்டலில மூண்டு நேரமும் சாப்பாடு தருவினம்" என்றேன். "சோறு தருவினமோ?" என்றார்.

விமான நிலையத்தில் விடிய முதலே டெனிஷ்காரர் பியர் குடித்துக்கொண்டு நின்றார்கள். வருஷம் முழுக்க வாய் திறக்காத சனம், விடுமுறை என்றதும் கோயில் திருவிழா மாதிரி. விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். விமானி தன் வேலையைச் செய்தால் கைதட்டுகிறார்கள். நான் இத்தனை வருஷமாகக் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், ஒருவர் தட்டியதில்லை.

ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறந்தேன். தும்மல் வந்தது. மிளகாய்த்தூள் பை வெடித்து என் பச்சைச் சட்டை செம்மண்ணில் புரண்டது போலக் கிடந்தது. கோதாரி! உதறினேன், இன்னும் தும்மினேன். இவர் அந்த நேரம் ரைஸ் குக்கரைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த புத்திமதி: அங்கே பிளக் எல்லாம் லண்டனில் இருப்பது போல மூன்று கால். டென்மார்க் வயர் செருகாது. தெருவில் வாகனமும் இடது பக்கம் ஓடும், பழக்கதோஷத்தில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினால் நேரே ஆஸ்பத்திரிதான். கழிவறைக் கடதாசியைக் குழிக்குள் போடக்கூடாது, பக்கத்தில் கூடை இருக்கும். காதல் தெய்வம் பிறந்த நாட்டில் கடதாசிக்குக் கூடை. வடிவான இடம்தான், மறுக்கவில்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அதை நான் பெரும்பாலும் கார் ஜன்னலால்தான் பார்த்தேன் என்பது வேறு கதை.

பார்சலை வாங்க அந்தத் தம்பி வந்தார். வந்தவர் வாசலில் நின்று அறையை ஒரு பார்வை பார்த்தார். "என்னண்ணை, நாங்கள் இருக்கேக்க ஹோட்டலிலயோ தங்கிறியள்? ஊர்ச்சனம் அறிஞ்சா எங்களை என்ன சொல்லும்?" காசு கட்டியாகிவிட்டது என்று நான் சொன்னேன். "அப்ப படுக்க மட்டும் இஞ்சை வாங்கோ. சாப்பாடு எங்கடை வீட்டில." இவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "ஓம் தம்பி, வாறம்" என்றார். அந்த ஒரு ஓமில் என் கிழமை முடிந்தது.

ஒவ்வொரு நாளும் கார் வந்து நிற்கும். மகள் சொன்ன அந்தப் பாறையைக் கடந்து போனோம். "அதோ" என்று நான் எழும்ப, தம்பி வேகத்தைக் குறைக்காமலே, "அது வெறும் கல்லு அக்கா. எங்கடை ஊர்க் கீரிமலைக் கடற்கரையை விட வடிவோ?" என்றார். அவர் எங்களைக் கொண்டுபோய்க் காட்டிய இடம் லிமசோலில் இருந்த ஒரு பலசரக்குக் கடை. அங்கே சம்பா அரிசி இருக்கிறதாம். டோஸ்ட்ருப்பில் என் வீட்டுக்குக் கீழேயும் இருக்கிறது.

பிறகு வீடு. சின்ன வீடு, ஒரு குசினி, குசினிக்குள் ஒரு மேசை. அதைச் சுற்றி எல்லோரும் முழங்கை இடிக்க இருக்க வேண்டும். தம்பியின் மனைவி பரிமாறுவாள். நண்டுக்கறி, இடியப்பம், சொதி, மறுபடி நண்டுக்கறி. "அக்கா, ஒண்டும் சாப்பிடேல்ல நீங்கள்" என்று தட்டு தெரியாமல் போடுவாள். பின்னால் தொலைக்காட்சியில் அவர்களுடைய மூத்தவளின் சாமத்தியவீட்டு வீடியோ. ஆகாயத்திலிருந்து எடுத்த படம், பெண் படகில் வருகிறாள், பின்னால் புகை. முதல் நாள் முழுதாகப் பார்த்தோம். இரண்டாம் நாள் முதல்நாள் வராத அயலவர் வந்தார் என்பதற்காக மறுபடி பார்த்தோம்.

எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் நீளும். நொட்டை சொல்லுவதில் எனக்கு டோஸ்ட்ருப்பிலேயே பெயர் இருக்கிறது. மற்றவர்களுடைய வீட்டில் வீட்டுக்காரரைச் சொல்ல முடியாதே, அதனால் முதியோர் இல்லத்தைப் பிடித்துக்கொண்டேன். குளிக்க மாட்டேன் என்று தினமும் அடம்பிடிக்கிற பழைய கப்பல்காரக் கிழவர், அவர் என்னைத் தன் மாலுமி என்று நினைத்து அதட்டுவது, நான் திருப்பி அதட்டிக் குளியலறையைத் துறைமுகம் என்று சொல்லிக் கொண்டுபோவது. தம்பியின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவருக்கு வாயெல்லாம் பல். நண்டுக்கறியைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்தேன். அடுத்த நாள் போனவுடனேயே இவர், "அந்தக் கப்பல்காரன்ட கதையை இன்னொருக்காச் சொல்லும்" என்று தொடங்கினார். ஊராருக்கு என்னைக் கோமாளியாகக் காட்டுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஹோட்டலுக்குத் திரும்பினால் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவேன். இவர் பல்கனியில் இருப்பார். எப்போதாவது, "நித்திரையோ?" என்பார். "ஓம்" என்பேன். அதுதான் தேனிலவு.

கடைசி நாள் பின்னேரம் தம்பி போன் எடுத்தார். பிரியாவிடைச் சாப்பாடாம், ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இவர் சேர்ட்டைப் போடத் தொடங்கினார். நான் கட்டிலில் இருந்து எழும்பவில்லை.

"நான் வரேல்ல."

"என்னப்பா, சனம் பார்த்துக்கொண்டிருக்கும்."

"சனம் பார்க்கட்டும். நீங்கள் போய் நண்டைத் தின்னுங்கோ. நான் இஞ்சை வந்தது உங்களோட இருக்க. ஒரு நாள், ஒரு பின்னேரம் என்னோட தனிய இருக்க உங்களுக்கு ஏலாதெண்டா அதை இப்பவே சொல்லுங்கோ. நான் வீட்டுக்குப் போய் என்ட வழியைப் பாக்கிறன்."

இவர் ஒரு கையில் சேர்ட்டோடு நின்றார். நான் இப்படிக் கத்தி இவர் கேட்டதில்லை. கால்மிதியில் நின்று கத்த நேரம் எங்கே? மெதுவாகப் போனை எடுத்தார். "தம்பி, குறை நினைக்காதையும். அவவுக்குக் காய்ச்சல்." பொய் சொல்லத் தெரியாத மனிசன், காது சிவந்துவிட்டது.

பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இரண்டு முறை தோய்த்தும் கழுத்தடியில் மிளகாய் எரிந்தது. துறைமுகத்துக்கு நடந்தோம், கை கோக்கவில்லை. கடைசிப் புத்திமதி: துறைமுகத்து ஓரத்தில் வாசலில் நின்று கூவிக் கூப்பிடுகிற கடைகளுக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம். மெழுகுதிரி கொளுத்தினார்கள். பல்லில் கீச்சென்று கத்துகிற ஹலூமி பாலாடைக்கட்டி வந்தது, மீன் வந்தது, மேசைக்குக் கீழே பூனைகள் வந்தன. எங்களுக்குக் கதை வரவில்லை. இவர் பாண் துண்டைக் கையில் எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். "வடிவாப் பொங்கேல்ல" என்றார். சூரியன் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. முடிந்தது, இதுதான் இனி என்று நினைத்தேன். மிச்சக் காலம் முழுக்க இவர் பாணைப் பிய்ப்பார், நான் பூனையைப் பார்ப்பேன்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன். "அவன்ட நண்டுக்கறி அவ்வளவு ருசியோ? ஒவ்வொரு நாளும் என்னை இழுத்துக்கொண்டு போனனீங்களே?"

"நண்டோ?" இவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. திண்டா உடம்பெல்லாம் கடிக்கும். நான் அங்கை சொதியும் சோறும்தான். உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. மகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள், என் புருஷனுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாது. நான் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போய்விடுவேன். அவர் எதைச் சாப்பிட்டார், எதை விட்டார் என்று யார் நின்று பார்த்தது?

"பின்ன ஏன் போனனீங்கள்?"

பாணை மேசையில் வைத்தார். "அங்கை நீர் கதைக்கிறீர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கலியாண ஹோலில பொம்பிளையள் பக்கம் சிரிப்பு வெடிச்சா, அது நீர்தான் எண்டு எனக்குத் தெரியும். எல்லாரும் என்னட்டை வந்து, உம்மட மனிசி நல்ல பகிடி எண்டு சொல்லுவினம். என்ன பகிடி எண்டு எனக்குத் தெரியாது. எழும்பி அந்தப் பக்கம் வந்து கேக்கேலுமோ? வீட்டில நான் எழும்ப நீர் படுத்திடுவீர். அந்தத் தம்பி வீட்டில ஒரு மேசைதானே. உமக்குப் பக்கத்தில இருந்து முழுசாக் கேட்டன். அந்தக் கப்பல்காரன்ட கதை... இஞ்சை ரூமுக்கு வந்தா நீர் சுவரைப் பாக்கிறீர். நான் நித்திரையோ எண்டு கேட்டுப் பாத்தன்."

எனக்கு உடனே அழுகை வந்தது. மிளகாய் என்று சட்டைக் கழுத்தைக் காட்டினேன். அவரும் ஓம், மிளகாய் என்றார்.

"விசர் மனிசன்" என்றேன். "ஒரு கதை கேக்கிறதுக்கு அந்த இடியப்பத்தைத் தின்ன வேணுமோ?"

"ஏன், இடியப்பத்துக்கு என்ன?"

"இடியப்பமோ அது? அதைக் கொண்டுபோய்க் குடுத்தா எங்கடை இல்லத்துக் கிழவியள் அதில ஸ்வெட்டர் பின்னுவினம்!"

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டதில்லை. மூக்கால் தொடங்கித் தோள் குலுங்கி, கடைசியில் சத்தமே இல்லாமல் போகிற சிரிப்பு. "அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லும்" என்றார். சொன்னேன். படகையும் புகையையும் சொன்னேன், புகையில் தொலைந்துபோன ஐயரைச் சொன்னேன், காதல் தெய்வத்துக்குக் கீரிமலையைக் காட்டிய தம்பியைச் சொன்னேன், விமானிக்குக் கைதட்டிய டெனிஷ்காரரைச் சொன்னேன். கடைக்காரன் மேசையைத் துடைக்க வந்து போனான். இவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து, "பிறகு? பிறகு?" என்றார்.

திரும்பி வந்தபோது அறைக் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. காய்ச்சல்காரிக்கென்று சுடுதண்ணிப் போத்தலில் சுடச்சுட மிளகு ரசம். கூடவே இஷொயில் குடுக்க ஒரு சின்னச் சாமான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தியை இவ்வளவு நேரம் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன், அவள் ரசம் வைத்து அனுப்பியிருக்கிறாள். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. இவரைப் பார்த்தேன். இவர் ஏற்கனவே சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது இவருக்கு ஓய்வு. எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. டோஸ்ட்ருப்பில் மழைக்கும் காற்றுக்கும் குடை நிற்காது. ரயிலால் இறங்கி நனைந்துகொண்டு வந்து கதவைத் திறந்தால் பாண் வாசம் அடிக்கும், சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலும் சுடுகிறார். வாசல் கால்மிதிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நான் உள்ளே கால் வைக்க முதலே அதில் வந்து இருந்துவிடுவார்.

"இண்டைக்கு உம்மட வாயில ஆர் ஆப்பிட்டது?" என்று கேட்பார்.

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே தொடங்குவேன்.